தினமும் அரை டம்ளர்

"விலை கம்மியான ரெட் ஒயின்ல எதுங்க நல்லாருக்கும்? தினமும் குடிக்கறதுக்கு" என்று இளவழகன் தயங்கியபடி கேட்டார்.

"இதை எடுத்துக்குங்கண்ணா, ரெண்டு மூணு வகைத் திராட்சை கலந்தது" என்று பாட்டிலை நீட்டிய கடைக்காரர், "பீடிகூடப் பிடிக்காத ஆளு நீங்க. இந்த வயசுல எதுக்குங்க இந்தப் பழக்கம்?" என்றார்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் இளவழகன் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். வாரத்துக்கு ஒரு பாட்டில் என்றிருந்தது இரண்டாகி, எட்டு மாதம் ஓடியது.

அன்று மாலை மனைவி சரிதா வாசலிலேயே சிரித்தாள். "இனி பாட்டில் வேண்டாமுங்க. மாப்பிள்ளை ஊட்டுல சரின்னுட்டாங்க. நம்ம தனப்பிரியா கறுப்பா இருந்தா என்னங்கறாங்க!"

கறுப்பு என்று மூன்று இடங்களில் தட்டிப்போன மகள். ஒயின் குடித்தால் நிறம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, சரிதாதான் தினமும் அவளுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினாள். இளவழகனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது.

நான்காம் நாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் முன்னால் தனப்பிரியா வந்து நின்றாள். முகம் வியர்த்திருந்தது.

"வரும்போது ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்கப்பா."

"அதான் நெறம் பெருசில்லைன்னுட்டாங்களே, சாமி?"

அவள் தலை நிமிரவில்லை.

"நெறத்துக்கு இல்லீங்கப்பா."