படியில் வைத்த காப்பி

பாலைவனத்து ஊரில் அருங்காட்சியகத் திறப்பு விழா. வாசலோடு நின்றுவிட்ட ஹம்தாவுக்கு இயக்குநர் முத்லக் தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்காமல், குனிந்து முதல் படியில் வைத்தாள்.

கூட்டம் முழுக்க அந்தக் கோப்பையைத் திரும்பிப் பார்த்தது. கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். போன மாதம் அவள் கூடாரத்தில் முத்லக்கும் இப்படிக் கோப்பையைக் கீழே வைத்துத்தான், அவள் வீட்டுக் காப்பி உரலைக் காட்சிக்குக் கேட்டு வாங்கியிருந்தார்.

"உரலைத் திருப்பிக் கேக்குறியா அக்கா? வெளிநாட்டுக்காரங்க பாக்குறாங்க, மானம் போகுது!"

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குற வம்சமா நாங்க? நான் அதை உள்ள வந்து பாக்கணும்."

"அவ்வளவுதானே! வாயேன், யாரு தடுத்தா?"

"நீ கட்டின படிக்கட்டுதான். மேல மட்டும் 'எல்லாருக்கும் நல்வரவு'ன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கே."

முத்லக் சட்டென்று திரும்பிக் கை தட்டினார். "டேய், நாலு பேர் வாங்கடா! அக்காவைச் சக்கர நாற்காலியோட தூக்குங்க!"

ஹம்தா இரண்டு சக்கரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எவனும் தொடக்கூடாது. காப்பி ஆறட்டும். சக்கரம் உருண்டு வர்ற மாதிரி ஒரு சரிவுப் பாதை போடு, நானே வந்து குடிக்கிறேன். தூக்கிட்டுப் போய் உள்ள வைக்க நான் என்ன உரலா?"