பதினோரு கட்டங்கள்

“என்னங்க, கடைசிப் பக்கம் அவங்ககிட்ட இருக்காம்!”

மனைவி கடிதத்தை நீட்டியதும் பதிப்பாளர் வெடுக்கென்று வாங்கிப் படித்தார். நாலே வரி. ‘உங்கள் புத்தக வெளியீட்டு அறிவிப்பைப் பார்த்தேன். நான் அந்த இசையமைப்பாளரின் கொள்ளுப்பேத்தி. கடைசிப் பக்கம் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வருகிறேன்.’

இன்றுதான் வெள்ளிக்கிழமை. மணி ஒன்பதே முக்கால்.

யாரும் சீண்டாத பழைய இசைத்தாள்களைத் தேடிப் பிடித்து, வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் வாசிக்கும்படி அச்சிடுவதுதான் அவர் பிழைப்பு. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் இந்த இசை ஒரு நூலகத்தின் பழைய அட்டைப்பெட்டியில் கிடைத்தது. எழுதியவர் இறந்து நூறு வருடம் ஆகிறது. கேட்டால் கண் கலங்கும், அப்படி ஓர் இசை. ஆனால் கடைசிப் பக்கத்தைக் காணோம். முடிவே இல்லாததை யார் வாசிப்பார்கள்? ஒரு நாள் உட்கார்ந்து, பதினோரு தாளக் கட்டங்களைத் தானே எழுதி முடித்துவைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். முன்னுரையில், ‘கிடைத்தது கிடைத்தபடி, ஒரு சுரம்கூட எங்களுடையது அல்ல’ என்று வேறு எழுதித் தொலைத்திருந்தார்.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாதே! முப்பது வருஷமா சேத்த பேரு. ‘இவன் கலப்படக்காரன்’னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அப்புறம் எந்த நூலகம் என்னை உள்ள விடும்?”

“ஒத்துக்கிட்டுக் கால்ல விழுந்துடுங்க.”

“சாயங்காலம் வெளியீட்டை வச்சுக்கிட்டா?”

பக்கத்து அறையில் அந்த வெளியீட்டுக்காக நான்கு பேர் ஒத்திகைக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அழைப்புமணி அடித்தது. பதிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசலில் ஒல்லியான ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். தகரப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள்.

“வாங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாங்க. முதல்ல அந்த இசையைக் கேக்கணும்.”

சிரிப்பில்லை. நலம் விசாரிப்பும் இல்லை. ஒத்திகை அறையில் கதவோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டியை மட்டும் விடவில்லை.

வாசிப்பு தொடங்கியது. பதிப்பாளர் பக்கங்களை எண்ணினார். இன்னும் நாலு. இன்னும் இரண்டு. கைக்குட்டை நனைந்துவிட்டது. ‘மின்சாரமாவது போகக் கூடாதா!’ என்று வேண்டிக்கொண்டார். பட்டப்பகலில் மின்சாரம் போய் என்ன லாபம் என்பதுகூட அந்தப் பயத்தில் உறைக்கவில்லை.

செல்லோக்காரர் கடைசித் தாளைத் திருப்பினார். அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். பதினோரு கட்டங்களும் முடிகிறவரை அசையவில்லை. பிறகு எழுந்து வெளியே வந்தாள். பலியாடு போல அவரும் பின்னாலேயே போனார்.

“அந்த முடிவு யார் எழுதினது?”

“அது... உங்க கொள்ளுத்தாத்தாதாம்மா...”

“இல்ல. எனக்குத் தெரியும்.”

பதிப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தாம்மா. புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க.”

அவள் பெட்டியைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கம்தான். ஆனால் ஒரு வரிகூட முழுதாக இல்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து... எல்லாமே நீல நிற பால்பாயிண்ட் பேனாவில்.

நூறு வருடத்துக்கு முன் ஏது பால்பாயிண்ட் பேனா?

நிமிர்ந்து பார்த்தார். யார் காதிலாவது விழுமோ என்று அவள் ஒத்திகை அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த இசையை என் பேர்ல அனுப்பினப்ப நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க. அதான் கொள்ளுத்தாத்தா பேரைப் போட்டு அந்த நூலகப் பெட்டியில வச்சேன். எத்தனை வருஷம் முட்டி மோதியும் இந்த முடிவு மட்டும் எனக்கு வரவே இல்லைங்க,” என்று கிசுகிசுத்தாள். “நீங்களும் வெளிய சொல்லிடாதீங்க. கொள்ளுத்தாத்தாவுக்கு வயலினை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியாது!”