இரண்டு அலுமினியத் தட்டுகள்

"பக்கத்து வீட்டுப் பெர்னடெற் எங்கட வைஃபையைக் களவெடுக்கிறா. வேற ஒண்டுமில்லை."

ரவுட்டருக்கு முன்னால் கதிரையில் ஏறி நின்றபடி தீர்ப்புச் சொன்னார் இராஜேந்திரன்.

"அப்பா, ஆறு மணிக்கு முதல் யூனிவர்சிட்டி அப்ளிகேஷன் அனுப்ப வேணும். இப்ப நாலே கால்." மகள் சுவர்ணா அழாக்குறையாக நின்றாள். "காலமையில இருந்து சிக்னல் ஒரு கோடும் இல்லை. இண்டைக்கு விட்டா ஒரு வருசம் போயிடும். நான் லைப்ரரிக்குப் போறன்."

"வீட்டில இன்டர்நெட்டை வைச்சுக்கொண்டு லைப்ரரிக்கோ? வெம்பிளிச் சனம் என்ன சொல்லும்?"

சொல்லத்தான் செய்யும். வைஃபை விஷயத்தில் லண்டன் வெம்பிளியில் அவர் பெரிய ஆள்.

நவம்பரில் ஒருநாள் திடீரென்று சிக்னல் இழுபறியாகிவிட்டது. கொம்பனிக்குப் போன் எடுத்தால் முக்கால் மணித்தியாலம் பாட்டுத்தான் கேட்டது. பொறுமையிழந்த இராஜேந்திரன் தானே களத்தில் இறங்கினார். ஹோலில் ஷோகேஸுக்கு மேல் இருந்த ரவுட்டருக்குப் பின்னால், சிக்னல் பின்னுக்குப் போகாமல் முன்னுக்குத் திரும்பட்டும் என்று, பிரியாணி வாங்கிய அலுமினியத் தட்டுகள் இரண்டை நிமிர்த்தி வைத்தார்.

ரவுட்டருக்குப் போட்டிருந்த லேஸ் உறையைக் கழற்ற மட்டும் மனைவி கனகாம்பிகை விடவில்லை. தூசு பட்டால் பழுதாகிவிடுமாம். ரிவி, டெலிபோன், ரவுட்டர் என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உடுப்பு உண்டு.

அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெர்னடெற்றுக்கும் தட்டு வைக்கும் விதத்தை வகுப்பெடுத்தார். மறுநாள் சுவர்ணாவின் அறையில் ஐந்து கோடும் நிறைந்து நின்றன. பிறகென்ன, கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் இரண்டு மாதமாகத் தட்டுப் புராணம்தான்.

இன்றைக்கும் அதே தட்டு, அதே ரவுட்டர். சிக்னல் மட்டும் இல்லை.

"பிரான்சில இருந்து வந்த தமிழ் ஆக்கள், எல்லா வித்தையும் தெரியும்," என்றாள் கனகாம்பிகை. "ரண்டு வீட்டுக்கும் ஒரே கொம்பனி. இழுத்தெடுக்கிறது லேசுதானே."

ஜன்னலால் பார்த்தால், பெர்னடெற் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். இராஜேந்திரன் சப்பாத்துக்கூடப் போடாமல் ஓடினார்.

"பெர்னடெற், பிள்ளையின்ர வாழ்க்கைப் பிரச்சினை. அப்ளிகேஷன் அனுப்ப ஏலாமல் நிக்கிறாள். நீங்கள் எங்கட வைஃபையை இழுக்கிறதெண்டால், இண்டைக்கு ஒருநாள் எண்டாலும் நிப்பாட்டுங்கோ!"

பெர்னடெற்றின் முகம் மாறியது.

"ஐயோ, பிள்ளை இன்னும் அனுப்பேல்லையே? குறை நினையாதேங்கோ அண்ணை. ரண்டு நிமிசம்."

கோட்டைக் கழற்றாமல், கதவையும் சாத்தாமல் உள்ளே பறந்தாள்.

"ஒப்புக்கொண்டிட்டா!" என்றபடி இராஜேந்திரன் வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சுவர்ணாவின் சத்தம் கேட்டது.

"வந்திட்டுது அப்பா! ஃபுல்லா வந்திட்டுது!"

ஐந்து இருபதுக்கு, விண்ணப்பம் கிடைத்துவிட்டதென்று பதில் வந்தது. அப்பாடா! மூன்று பேருக்கும் போன உயிர் திரும்பியது. சுவர்ணா அப்பாவைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், அழவும் செய்தாள். கனகாம்பிகை தேத்தண்ணி ஊற்றிவிட்டு, சந்தோசத்தில் கை சும்மா இருக்காமல் ரவுட்டரின் உறையைத் தோய்க்கவென்று உருவினாள்.

ரவுட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை.

மூவரும் வயரைத் தொடர்ந்து போனார்கள். சுவரில் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"நவம்பரில விம்பிள்டன் கோயிலுக்குப் போகேக்க..." கனகாம்பிகையின் குரல் இறங்கிவிட்டது. வெளியே போகும்போது வீட்டிலுள்ள சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். திரும்பி வந்து ரிவிக்குப் போட்டவள் ரவுட்டரை மறந்துவிட்டாள். உறைக்குள்ளே யார் எட்டிப் பார்த்தார்கள்?

சுவர்ணா லப்டொப்பைக் கொண்டுவந்து பார்த்தாள். வைஃபையின் பெயரில் கொம்பனிப் பெயர் சரிதான். பின்னால் இருந்த இலக்கம் அவர்களுடையதல்ல.

"எங்கட ரவுட்டர் நிண்டதும் இது தன்பாட்டில பாஸ்வேர்ட் இல்லாத பக்கத்து வீட்டைப் பிடிச்சிட்டுது அப்பா. அப்ப ரண்டு மாசமா..."

யார் களவெடுத்தது என்பதில் இப்போது சந்தேகமே இல்லை.

இராஜேந்திரன் இந்த முறை ஆற அமரச் சப்பாத்தைப் போட்டார். முடிச்சுப் போடவே அவருக்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

"பெர்னடெற், உங்கட வைஃபையைத்தான் நாங்கள்..."

"தெரியும் அண்ணை. சுவர்ணா எண்ட பேர் என்ர கொம்பியூட்டரில காட்டும்."

"பிறகேன் பூட்டாமல் விட்டனீங்கள்? சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வெக்கத்தில உடன நிப்பாட்டிப்போடுவியள். பிள்ளைக்குப் படிப்பெல்லோ? இண்டைக்குக் காலமை ஹூவரால தூசு இழுக்கேக்க ரவுட்டரின்ர பிளக்கைக் கழட்டினனான். திருப்பிப் போட மறந்து வேலைக்குப் போயிட்டன். பிழை என்னிலதான்."

இராஜேந்திரன் பார்வையைத் திருப்பினார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் ஒரு ஸ்டூல், அதில் பெர்னடெற்றின் ரவுட்டர். அதற்குப் பின்னால் இரண்டு அலுமினியத் தட்டுகள் நிமிர்ந்து நின்றன.

"நீங்கள் படிப்பிச்சதுதானே அண்ணை," என்றாள் பெர்னடெற். "சுவர்ணாவின்ர அறைப் பக்கமாத் திருப்பி வைச்சனான்."