ரெண்டு கோடு

"இந்த மாசமும் ஒத்தைக் கோடு வந்துச்சுன்னா, உங்கம்மா ஊட்டுக்கு நடையக் கட்டுடி! பலமனேர்ல எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்தாச்சு." தெருவே கேக்குறாப்புல கத்துனா செங்கம்மா.

மருமவ ஸ்வர்ணலதா ஒரு கப்ப எடுத்துக்கினு உள்ள போனா. ஸ்ரீ சிட்டியில, கர்ப்பம் பாக்குற ஸ்ட்ரிப்பு செய்யிற கம்பெனியிலதான் அவளுக்கு வேலை. எலியோட ஒரே ஒரு செல்லைப் பெருக்கி எடுத்த ஆன்டிபாடிய ஸ்ட்ரிப்புல கோடு கோடா தடவுறதே அவதான். கர்ப்பத்துல ஊறுற ஹார்மோன அது கப்புனு புடிச்சாத்தான் ரெண்டாவது கோடு வரும். நாலு வருசமா வரல. நாலு வருசமா மலடின்னு பேச்சு.

இன்னிக்கு எல்லாத்துக்கும் சேத்து பழி தீத்துடணும்னு, ஒண்ணுக்குப் புடிச்ச கப்ப அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எதுருலயே மாமியா கையில குடுத்தா.

செங்கம்மா ஸ்ட்ரிப்ப முக்குனா. ஒரு கோடு வந்துச்சு. அப்பறம் இன்னொண்ணு!

"அய்யோ தேவுடா! பேரன் வந்துட்டான்டி!" மருமவளக் கட்டிக்கினு அழுதா.

ஸ்வர்ணலதா மாமியா கைய வெலக்கிவிட்டா. "அத்தே... அந்த ஒண்ணுக்கு என்னுது இல்ல. உம்புள்ளையோடது. சுகர் டெஸ்ட்டுன்னு பொய் சொல்லி வாங்கினேன். ஒத்தைக் கோட்டப் பாத்து நீ மலடின்னு கத்துனதும், 'இது உம்புள்ளையோட ஒண்ணுக்கு, அப்ப மலடு அவன்தான்'னு தெருவுல உம்மானத்த வாங்கலாம்னு இருந்தேன்."

"ஆம்பளைக்கு எப்பிடிடி ரெண்டு கோடு வரும்?"

"வந்தா, அதே ஹார்மோன ஊற வெக்கிற கட்டி வெதையில இருக்கலாம், அன்னிக்கே டாக்டரப் பாக்கணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்காங்க." சொல்லிக்கினே உள்ள புருசங்கிட்ட ஓடுனா. "மாமா, சொக்காவ மாட்டு! திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்பணும்!"