சிவப்பு பேட்ஜ்

மகளின் சட்டையில் சிவப்பு பேட்ஜைப் பார்த்ததும் காசிராஜனுக்கு வாயில் வைத்த இட்லி இறங்கவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சிவப்பு டேக் கட்டிய பொருள் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னாம்மா இது?"

"டெஸ்ட் வச்சு கிளாஸ மூணா பிரிச்சிட்டாங்கப்பா. சிவப்பு, மஞ்சள், பச்சை." சுபஸ்ரீ கண்ணாடி முன் நின்று பேட்ஜை நேராக்கிக்கொண்டாள்.

விவரம் தெரியாத குழந்தை என்று நினைத்துக்கொண்டார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாம் தன் ரத்தம். பத்தாம் வகுப்புக் கணக்கோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் அவர்.

அன்று சாயங்காலம் அவள் படிக்கும் ஊர் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். ஷிப்டில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து முதல் ஆளாக எழுந்தார். தன் மகள் எந்த நிறம் என்று மட்டும் மூச்சுவிடவில்லை. நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமே.

"பசங்க இன்னா நட்டா, போல்ட்டா டீச்சர், டேக் கட்டி தனியா போடறதுக்கு? காசு கீறவன் வேன் ஏத்தி பிரைவேட்டுக்கு அனுப்பிடறான். நம்ம பசங்களுக்கு இந்த ஒரு ஸ்கூலுதான் கீது. இங்கயும் தரம் பிரிச்சா அதுங்க எங்க போவும்? எல்லாரையும் ஒண்ணா உக்கார வைங்க. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே கவனிப்பு."

கைதட்டல் அடங்க நேரமானது. கம்பெனி மீட்டிங்கில் இரண்டாவது டீ கேட்கக்கூட எழாத தன் வாயா இது என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

அவர் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் கங்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பச்ச பேட்ஜ குத்திக்கினு போவமாட்டேன்னு எம் புள்ள காலையில ஒரே அழுவைண்ணா. நீ நல்லா இருக்கணும்."

காசிராஜன் தலைவர் தோரணையில் தலையசைத்தார்.

தலைமையாசிரியை கிரேசி எழுந்தார். "சார் சொல்றது நியாயம். நான்தான் யோசிக்கல. நாளையிலேர்ந்து பேட்ஜும் இல்ல, பிரிவும் இல்ல."

கூட்டம் கலைந்தது. பைக்கை எடுக்கப் போனவரிடம் கிரேசியே தேடிவந்து கைகூப்பினார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. ஸ்பெஷல் டீச்சர், ஸ்காலர்ஷிப் கோச்சிங் எல்லாம் சிவப்பு பேட்ஜுக்குத்தான் ஒதுக்கியிருந்தோம். டெஸ்ட்ல உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட். அவளுக்குக் கிடைச்சத எல்லாப் புள்ளைங்களுக்கும் பங்கு போடுங்கன்னு எந்த அப்பா சார் கேப்பாரு?"

கேட்டருகே கங்கா இன்னும் அவரையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். காசிராஜனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நா பேசினத மினிட்ஸ் நோட்டுல ஏத்திட்டீங்களா?"