அடுத்த கப்பலில் வந்த நாவல்

தேவேந்திரனுக்கு ஒரு நாவல் பிடிக்காமல் போனால் தீவின் ஹேடோ துறைமுகம் வரைக்கும் கேட்கும்.

"அரே, இனிமே இந்த ஆளை நான் தொடமாட்டேன்!" என்று புத்தகத்தை நூலக மேசையில் போட்டார்.

நூலகர் டயானா டீயை நகர்த்திக்கொண்டாள். "போன மாசம் இவரைத் தலையில தூக்கிவச்சு ஆடினீங்களே சார்? மெயின்லேண்ட் பத்திரிகைக்குக்கூட எழுதிப் போட்டீங்க."

"அந்த நாவல் வேற! எடுத்த எடுப்பிலேயே மாயாண்டியோட சாவு. அவன் யாருன்னு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. வாசகனை நம்புற எழுத்து! இதுல செத்தவனை எழுப்பி சைக்கிள் ஓட்ட விடுறார். அம்மா யாரு, அத்தை யாருன்னு பக்கம் பக்கமா அறிமுகம் வேற. சரக்கு தீர்ந்துபோச்சு."

"முதல் பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"முன்னுரை கின்னுரை எல்லாம் நான் பார்க்கிறதில்ல. நேரா கதைக்குத்தான்."

ஈரக்காற்றுக்குப் பயந்து போட்டிருந்த பழுப்பு அட்டையை டயானா கழற்றினாள். 'முதல் பாகம்' என்றிருந்தது.

"சென்னையில ஏத்த மறந்து, அடுத்த கப்பல்ல வந்தது சார். நீங்க முதல்ல படிச்சது இரண்டாம் பாகம்."

சொல்லிவிட்டு அன்று வந்த பத்திரிகையைப் பிரித்தாள். தேவேந்திரனின் படத்துக்குக் கீழே, அவர் எழுதிய விமர்சனத்தின் தலைப்பு கொட்டை எழுத்தில்: 'முன்கதையே தேவைப்படாத மேதை!'

தேவேந்திரன் கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. பாகங்களுக்கு நம்பர் போட்டதுல ஆசிரியர் கோட்டை விட்டுட்டார்."