உடல் தானப் படிவம்

"ஆன்மாவாவது கத்திரிக்காயாவது! மனுஷன்னா இந்த உடம்பு மட்டும்தான்" என்று முப்பது வருஷமாக மனைவி பாஞ்சாலையிடம் வாதாடிவந்த கண்ணாயிரம், அன்றைக்கு உடல் தானப் படிவம் இரண்டு வாங்கிவந்தார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள் இன்றைக்கு வசமாக மாட்டினாள் என்று அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

"செத்தப்புறம் டாக்டருக்குப் படிக்கிற பசங்க அறுத்துப் பார்ப்பாங்க. கையெழுத்து போடுவியா?"

பாஞ்சாலை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உடனே போட்டாள்.

"பயமா இல்லியா?"

"இதுல என்னங்க பயம்? செருப்பைக் கழட்டி வுட்டுட்டுதானே மலை சுத்தப் போறோம்? அதை யாரு போட்டுக்கினு போனா என்ன? நீங்க போடுங்க."

கண்ணாயிரம் பேனா மூடியைத் திறந்தார். படிவத்தைப் பார்த்தார். மூடிவிட்டார்.

"என்னங்க?"

"உனக்கென்ன, நீ செருப்பைக் குடுக்கறே. நான் என்னையே இல்ல குடுக்கணும்?"

பௌர்ணமியன்று சாயந்திரம் பாஞ்சாலை கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டினார்.

"நீங்க எங்க?"

"மலை சுத்தத்தான். ஆன்மா இருக்குதான்னு அண்ணாமலையார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்து கையெழுத்து போடறேன்."